மலையைக் குடைந்தவன் எங்கே?

சுவிட்சர்லாந்தின் சியாஸ்ஸோ நகரில் 1967-ல் முளைத்தது ஹூபாக் கம்பெனி. லாரிச் சரக்கை அப்படியே ரயிலேற்றி ஆல்ப்ஸ் மலையைக் கடத்துவது அதன் தொழில். இன்று ஐரோப்பா எங்கும் அதன் ரயில்கள்! பங்குகளில் பெரும்பகுதி தனியார் போக்குவரத்துக் கம்பெனிகள் கையில். முதலாளிகளின் சாமர்த்தியமாம்!

லாரிப் புகை குறைவது நல்லதுதான், யார் மறுத்தார்கள்? பாதை போட்டது யார் என்பதே கேள்வி. 2016-ல் திறந்த 57 கிலோமீட்டர் கோத்தார்டு சுரங்கத்துக்குப் பணம் கொடுத்தது மக்கள். அதில் மாண்ட 9 பேரும் தொழிலாளிகள். பழைய சுரங்கத்தைத் தோண்டிய இத்தாலியத் தொழிலாளர்கள் 1875-ல் காற்றும் கூலியும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கிக் குண்டு கிடைத்தது, நால்வர் பிணமானார்கள்.

2008-ல் பெல்லின்சோனா ரயில்வே பட்டறைக்கு ஆபத்து வந்தது. தொழிலாளர்கள் ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரே திரண்டது. நிர்வாகம் திட்டத்தை வாபஸ் வாங்கியது.