“கல்யாணம் ஆயிடுச்சா?” – டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி இது இல்ல!

தோழர்களே, கூச்சப்பட்டு ஒதுக்கி வெச்ச ஒரு விஷயத்தைப் பேசப் போறோம். முழுசா படிங்க.

வெள்ளைப்படுதல், அடிவயித்து வலின்னு ஒரு இளம்பெண் மகளிர் நல டாக்டர்கிட்ட போனா முதல் கேள்வி என்ன? “கல்யாணம் ஆயிடுச்சா?” இல்லைன்னு சொன்னா, பாலுறவே இல்லைன்னு அவங்களா முடிவு பண்ணிடுவாங்க. பால்வினை நோய் பத்தின பேச்சே அதோட முடிஞ்சிடும். பக்கத்துல அம்மா வேற உட்கார்ந்திருப்பாங்க. பெண்ணைக் காதலிக்கிற பெண் அந்த இடத்துல எப்படி வாயைத் திறப்பா?

“பெண்ணும் பெண்ணும்தானே, என்ன வந்துடப் போகுது?”ன்னு கேட்கிறவங்களுக்கு: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் தோலோடு தோல் பட்டாலே பரவும். ஹெர்பிஸும் அப்படித்தான். இருபாலீர்ப்புப் பெண்களுக்கு, ஆணோட உறவும் இருந்தா, எச்ஐவி, விரும்பாத கர்ப்பம்னு கூடுதல் அபாயமும் இருக்கு.

எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்துல ஆணோடு உறவுள்ள ஆண்கள், திருநங்கைகள், பாலியல் தொழிலாளர்கள்னு தனித்தனியா கவனம் இருக்கு. ரொம்பச் சரி. ஆனா இந்தப் பெண்கள் எந்தப் பட்டியலிலும் இல்ல.

வழி காட்டுனதே நம்ம மண்ணுதான். மதுரையைச் சேர்ந்த 2 பெண்கள் போட்ட வழக்குல, 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் ‘மாத்திக் காட்டுறேன்’ என்கிற சிகிச்சைக்குத் தடை போட்டது. அதைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம்னு அறிவிச்சது. 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்ல 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

அடுத்து நாம கேட்க வேண்டியது மூணு:

1. டாக்டர், நர்ஸ் பயிற்சியில “கல்யாணம் ஆயிடுச்சா?” போய், “பாலுறவு உண்டா? ஆணோடா, பெண்ணோடா, ரெண்டு பேரோடவுமா?” வரணும்.
2. அந்தக் கேள்வியைத் தனியறையில கேட்கணும். பதில் வீட்டுக்குப் போகக் கூடாது.
3. 14 வயசைத் தாண்டிட்ட பெண்களுக்கும், 26 வயசு வரைக்கும், அரசு மருத்துவமனையில இலவசமா தடுப்பூசி கிடைக்கணும்.

கர்ப்பத்தடையை மக்கள்தொகைக் கணக்குக்காக இல்லாம, பெண் விடுதலைக்காகப் பேசினவர் பெரியார். அதுவும் 1930-களிலேயே! அவர் பேரைச் சொல்ற நமக்கு இதுல என்ன கூச்சம்?

தங்கைகளே, பரிசோதனையைத் தள்ளிப் போடாதீங்க. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துல எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். விவரம் ரகசியமா இருக்கும். போன்ல கேட்க 1097.

பகிருங்கள். யாரோ ஒரு பெண்ணுக்கு இது இன்னைக்கே தேவைப்படலாம்.

– தகவல் தொழில்நுட்ப அணி

#கேள்வியை_மாத்துங்க #சுயமரியாதை