பியூஸுக்குப் பதிலாக வெள்ளித்தாள்

பழைய கார்களின் மின்கோளாறு பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்களிடம் இரண்டு கதைகள் ஆயத்தமாக இருக்கும். ஒன்று ஆங்கிலேயரிடம் கடன் வாங்கியது: பர்மிங்காம் லூக்காஸ் நிறுவனத்தின் மின்சாமான்கள் நினைத்த நேரத்தில் அணைந்துவிடும், ஆகவே லூக்காஸ் ‘இருளின் இளவரசன்’. மற்றது சொந்தக் கதை: பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் கார் ஓடவைத்தவர்கள் நாங்கள், வயறிங் எல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டா? கேட்பதற்கு இரண்டும் சுவையானவை. வன்னியில் எஞ்சியிருக்கும் சில மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களையும் கெடுத்துக்கொண்டிருப்பவையும் இவை இரண்டும்தான்.

முதலில் சொந்தக் கதை. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகங்கள் எல்லாம் வடக்கிற்குத் தடைசெய்யப்பட்டன. துணுக்காய், மல்லாவிப் பக்கத்து வாகனங்களும் மற்ற இடங்களைப் போலவே சிறிது பெற்றோல் விட்டு உயிர்ப்பிக்கப்பட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடின. புலம்பெயர்ந்த மேடைகளில் இதைச் சொல்லிப் புளகாங்கிதம் அடைகிறவர்கள் மறக்கும் விடயம் ஒன்றுண்டு. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. பிளக்கில் கரி படியும். தீப்பொறி விழும் நேரத்தைப் பிந்தவைக்காவிட்டால் எஞ்சின் தட்டும். புதுப் பற்றறி கிடையாத ஊரில், பொறி திடமாக விழவேண்டுமானால் கால் வோல்ற்றுக்கூட வழியில் சிந்தக்கூடாது. அதாவது அந்தச் சாதனையின் பாதி எரிபொருளில் இருக்கவில்லை. வயறிங்கில் இருந்தது.

புதுக் கொயில் வாங்க வழியில்லாதவன், பழுதுபட்டது கொயில்தானா என்று நிச்சயித்த பின்னரே அதைக் கழற்றுவான். ஒரு பல்ப், அதிலிருந்து இரண்டு வயர்த்துண்டுகள்: இதுதான் அவனுடைய கருவி. அதைக்கொண்டு மின்சாரம் எதுவரை வருகிறது, எவ்விடத்தில் நிற்கிறது என்று படிப்படியாகத் தொட்டுப் பார்ப்பான். பியூஸ் கிடைக்காத நாளில் மெல்லிய செப்புக் கம்பியின் ஒற்றை இழையைச் சுற்றியிருப்பான். ஆனால் எத்தனை இழை சுற்றினால் ஆபத்து என்று அவனுக்குத் தெரியும். தட்டுப்பாடு அவனைக் கெட்டிக்காரன் ஆக்கவில்லை. யோசிக்காமல் இருக்கும் வசதியை அது அவனுக்குத் தரவில்லை, அவ்வளவுதான்.

2002 இல் ஏ9 பாதை திறந்தது. யுத்தம் 2009 இல் முடிந்தது. இப்போது சாமான்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. விளைவு என்ன? ஹெட்லைற் மங்கலா, பல்பை மாற்று. அப்படியும் மங்கலா, சுவிச்சை மாற்று. பிறகு பற்றறி. எதுவும் சரிவராவிட்டால் ‘வயர் முழுக்கப் பழுதண்ணை’ என்று கட்டோடு பிடுங்கி எறி. இடையில் பியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி உள்ளே தள்ளு. கேட்டால், அந்தக் காலத்தில் இப்படித்தானே செய்தோம் என்று பதில் வரும். இல்லை ஐயா, அந்தக் காலத்தில் இப்படிச் செய்யவில்லை. செய்த வேலையின் வெளித்தோற்றத்தை மட்டும் நீங்கள் முதுசமாக எடுத்துக்கொண்டீர்கள்.

வெள்ளித்தாள் உருகாது, அதற்குப் பதிலாக வயர் உருகும். மொறிஸ் மைனரில் மொத்தமே இரண்டு பியூஸ்கள். ஹெட்லைற் வயர்களுக்கு பியூஸே கிடையாது. அந்த வயர் தகட்டில் உரசி உறை கிழிந்தால் அதைத் தடுக்க இடையில் எதுவுமில்லை. இருக்கிற இரண்டையும் வெள்ளித்தாளால் ஊமையாக்கிவிட்டுப் பிள்ளைகளைப் பின்சீற்றில் ஏற்றுகிறோம். சரியான பியூஸ் போடுகிறோம் என்பவர்களும் ஒன்றைக் கவனிப்பதில்லை. பழைய லூக்காஸ் கண்ணாடி பியூஸில் 35 என்றிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 அம்பியர் மாத்திரமே. இன்றைய பியூஸில் எழுதியிருப்பது தாங்கும் அளவு. இலக்கத்தைப் பார்த்து 35 ஐ வாங்கிப் போடுகிறவர், தெரியாமலே காவலை இரண்டு மடங்கு தளர்த்திவிடுகிறார்.

இனி லூக்காஸ் கதை. அந்த இளவரசன் செய்த நல்ல காரியத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அவனுடைய வயர்களுக்கு நிற இலக்கணம் உண்டு. கபிலம் என்றால் பற்றறியிலிருந்து நேரே வருவது, எப்போதும் மின்சாரம் இருக்கும். வெள்ளை சாவி திருப்பியபின் வருவது. பச்சை, அதே மின்சாரம் பியூஸைக் கடந்தபின். ஊதா எப்போதும் மின்சாரமுள்ளது, பியூஸ் வழியாக. நீலம் ஹெட்லைற், சிவப்பு சிறு விளக்குகள், கறுப்பு எர்த். இதைத் தெரிந்தவருக்குப் பொனற்றைத் திறந்தவுடன் காரே வாய்திறந்து பேசும். ஆனால் முழு வயறிங்கையும் ஒரே சிவப்பு வயரில் புதிதாக இழுத்துவிட்டு ‘இனிப் பிரச்சினை வராது’ என்கிறார்களே, அவர்கள் அடுத்த மெக்கானிக்கின் கண்ணைக் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

பெரும்பாலான ‘லூக்காஸ் நோய்’ எர்த் நோய். செம்மண் புழுதி, மாரி மழை, பிறகு துரு. வலப்பக்கச் சிக்னல் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுங்குகிறதா? மின்சாரம் திரும்பிப் போக வழியின்றி அடுத்த பல்பினூடாக ஓடுகிறது. கணக்கும் எளிது. 12 வோல்ற்றில் 45 வாற் பல்புக்குப் போகும் வழியில் துருவினால் அரை ஓம் தடை சேர்ந்தால், ஒன்றரை வோல்ற்றுக்கு மேல் அந்தத் துருவிலேயே போய்விடும். வெளிச்சத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறையும். விளக்கை எரியவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் எர்த் முனையிலும் மறுமுனையை விளக்கின் உலோக உடலிலும் வையுங்கள். பூச்சியத்தை ஒட்டியே காட்ட வேண்டும். அரை வோல்ற் காட்டினால் கள்வன் அகப்பட்டான். அரத்தாளும் ஒரு போல்ற்றும் போதும். இந்தக் கார்களில் 1960 களின் பிற்பகுதிவரை பற்றறியின் நேர் முனைதான் உடலோடு இணைந்திருந்தது என்பதை மட்டும் மறவாதீர்கள். இக்கால ரேடியோவைப் பார்க்காமல் கொழுவிப் புகைத்தவர்கள் அநேகர்.

வயர் உண்மையில் மட்கிப்போவதில்லையா என்று கேட்பது நியாயம். 1950 களின் தொடக்கத்து இறப்பர் உறை, நூல் பின்னல் வயர்கள் விரலால் வளைத்தாலே பொருக்காக உதிரும். எலி கடித்ததும் உண்டு. அப்படியானால் முழுவதையும் மாற்றத்தான் வேண்டும், அதே நிறங்களில். நான் சாடுவது மாற்றுவதை அல்ல, பார்க்காமல் மாற்றுவதை.

2008 இல் துணுக்காய் சனம் இடம்பெயர்ந்தபோது வாகனங்கள் கிழக்கு நோக்கிப் போய், முள்ளிவாய்க்கால் வரை வழிநெடுகக் கைவிடப்பட்டன. தப்பியவை மிகச் சில. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 இல்தான் திரும்பத் தொடங்கியது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலையும் எகிறிவிட்டது. ஆகவே இது பொழுதுபோக்குக்காரரின் கவலை மட்டுமல்ல, வாடகைக்கு ஓடி அடுப்பெரிக்கிறவரின் கவலையும்கூட. அந்தத் தடைக்காலத்தில் தொழில் பழகியவர்களுக்கு இப்போது வயது அறுபதைத் தொடுகிறது. கையில் சான்றிதழ் இல்லாதவர்களையும் சோதித்துத் தேசிய தொழிற்தகைமை வழங்கும் ஏற்பாடு இந்த நாட்டில் உண்டு. அவர்களை அதற்கு அழைத்துப்போய், பக்கத்தில் இரண்டு இளைஞர்களை இருத்த யார் முயல்கிறார்கள்? மண்ணெண்ணெய்க் கார் பற்றிக் கட்டுரை எழுத மட்டும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

குற்றம் கராஜ்காரர்களுடையது மட்டுமல்ல. முழு வயறிங்கும் மாற்றினேன் என்று சொன்னால் கனடாவிலிருந்து மறுபேச்சின்றிப் பணம் வருகிறது. இரண்டு மணித்தியாலம் நிலத்தில் படுத்து, துருப்பிடித்த ஒரு போல்ற்றைக் கண்டுபிடித்துத் தேய்த்துப் பூட்டியவனிடம் ‘இதுக்கா இவ்வளவு காசு?’ என்று கேட்கிறோம். அடுத்த முறை அவனும் பல்பை மாற்றுவான், சுவிச்சை மாற்றுவான், கடைசியில் வயர்க்கட்டைப் பிடுங்குவான்.