திரும்பி வராதவருக்கு என்ன விலை?

அம்பேபுஸ்ஸயில் தொடங்கித் திருகோணமலையில் முடியும் ஏ6 வீதி, குருநாகல், மெல்சிரிபுர எல்லாம் தாண்டித் தம்புள்ளைக்குப் போகிற வழியில் கலேவெல நகரை ஊடறுத்துச் செல்கிறது. இந்த நகரத்துக் கடைக்காரருக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் உண்டு. ஒருவர் பெரிய வெங்காயமும் நெல்லும் செய்கிற பக்கத்துக் கிராமத்தவர். நாளையும் வருவார், அடுத்த போகத்துக்கும் வருவார். மற்றவர் கொழும்பிலிருந்து திருகோணமலைக்கோ மூதூருக்கோ போகிற பஸ்ஸிலிருந்து பதினைந்து நிமிடத்துக்கு இறங்குபவர். அவர் முகத்தை இந்தக் கடை மறுபடி காணப்போவதில்லை.

எது நல்ல கடை என்று தீர்ப்புச் சொல்ல இந்த இரண்டாமவரைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். தெரிந்தவரைப் பார்த்துச் சிரிப்பதும் கதிரை போட்டு உட்காரவைப்பதும் எந்த முதலாளிக்கும் கைவந்த கலை. அதில் ஒழுக்கம் எதுவும் இல்லை, நாளைய வியாபாரம் இருக்கிறது. ஊரும் பெயரும் தெரியாத ஒருவரிடம், அவர் கண்டுபிடிக்கவே முடியாத இடத்தில், சரியான விலையையும் சரியான நிறையையும் கொடுக்கிற கை எதுவோ அதுதான் நேர்மையான கை.

நெடுந்தூர பஸ்கள் நிற்கிற ஹோட்டல்களைப் பாருங்கள். கலேவெல என்றில்லை, நாட்டின் எந்த நெடுஞ்சாலையிலும் இதே காட்சிதான். மேசையில் அமர்வதற்கு முன்பே ரோல்ஸ், கட்லட், வடை அடுக்கிய தட்டு வந்து குந்திவிடும். யாரும் கேட்கவில்லை. ஒன்றின் விலை என்ன என்றும் எங்கும் எழுதியிருக்காது. சாப்பிட்டு முடித்ததும் பரிமாறிய பையன் தட்டை ஒரு பார்வை பார்த்து, காசாளரை நோக்கி ஒரு தொகையைக் கூவுவான். அந்தக் கூவல்தான் பில். வாய்திறந்து கேட்கலாம் என்று நினைக்கும்போது வெளியே சாரதி ஹோர்ன் அடிப்பார். சாரதிக்கும் நடத்துனருக்கும் இந்த ஹோட்டல்களில் சாப்பாடு இலவசம் என்பது நாடறிந்த வழக்கம். அந்த இலவசத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்று விளக்கத் தேவையில்லை.

தண்ணீர்ப் போத்தலுக்கு அரசாங்கம் விலை கட்டிவிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் 500 மில்லிலீற்றர் போத்தல் 70 ரூபா, ஒரு லீற்றர் 100 ரூபா. அப்படியிருந்தும் 70 ரூபாப் போத்தலுக்கு 100 ரூபா வாங்கிக்கொண்டு, “கூலிங் காசு” என்று சாதாரணமாகச் சொல்கிற கடைகள் உண்டு. முப்பது ரூபாதானே என்று பயணியும் விட்டுவிடுகிறார். சட்டம் அதை முப்பது ரூபாவாகப் பார்க்கவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்துக்கு 2021இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்கிற தனியாளுக்குக் குறைந்தது ஒரு இலட்சம் ரூபா தண்டம், கம்பனிக்குக் குறைந்தது ஐந்து இலட்சம். சட்டத்தில் குறையில்லை. பயணியிடம்தான் சாட்சி இல்லை. கையில் பில் கிடையாது, கடையின் பெயரைப் பார்க்கவும் நேரமிருக்கவில்லை. ஹபரணையைத் தாண்டும்போது கோபமும் தணிந்துவிடுகிறது.

இதில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. இந்த வீதியால் போகிற பயணிகளில் பலர் கிழக்கு மாகாணத் தமிழ் பேசும் மக்கள். விலைப்பட்டியல் தொங்குகிற கடையிலும் அது சிங்களத்தில் மட்டும் இருந்தால், வாசிக்கத் தெரியாதவருக்கு அது சுவர்ச் சோடனைதான். கலேவெலயில் இரண்டு மொழியிலும் சரளமாகப் பேரம் பேசுகிற முதலாளிமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். விற்பதற்குத் தமிழ் வருகிறது, விலையை எழுதுவதற்கு மட்டும் ஏன் வரவில்லை?

அப்படியானால் உள்ளூர்க்காரர் சுகமாக இருக்கிறாரா? அதுவும் இல்லை. நுனி கருகிய ஒரு வெங்காயத் தாளைப் பிடுங்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு வருகிற விவசாயிக்கு, கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்தான் வைத்தியர். தாளைத் திருப்பிப் பார்த்து, எந்தப் பயிர், எத்தனை நாள், கடைசியாக என்ன அடித்தீர்கள் என்று கேட்டு, “இதற்கு நான் மருந்து தரமாட்டேன், கமநல சேவை நிலையத்தில் ஒருக்கால் காட்டிவிட்டு வாங்கோ” என்று அனுப்புகிறவரும் இருக்கிறார். தாளைப் பார்க்காமலே, இலாபம் கூடிய போத்தலை எடுத்து வைக்கிறவரும் இருக்கிறார். இரண்டாமவரை விட்டுவிட்டு வேறு கடைக்குப் போகலாமே என்று கேட்பது சுலபம். ஆனால் விவசாயி விதையும் உரமும் அந்தக் கடையில் கடனுக்கு வாங்கியிருக்கிறார். கொப்பியில் பெயர் இருக்கும்வரை அவர் திரும்பி வருவது விருப்பத்தால் அல்ல. திரும்பி வரவே முடியாதவரும் திரும்பி வந்தே ஆகவேண்டியவரும் கடைக்காரர் முன்னால் ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள்: இருவருக்கும் பேரம் பேசப் பலம் இல்லை.

2021இல் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது நாடு முழுவதும் கடைகளின் சாயம் வெளுத்தது. பால்மா வேண்டுமென்றால் வேறு பொருளும் சேர்த்து வாங்கு என்று நிபந்தனை போட்டார்கள். அது சட்டவிரோதம் என்று சொல்லச் சொல்லவே நடந்தது. ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் 400 கிராம் பைக்கற் 380 ரூபாவிலிருந்து 480 ரூபாவானது. 2022 மார்ச்சில் 790. பழைய விலையில் வாங்கிய பைக்கற்றைப் பின்னறையில் ஒளித்து வைத்துப் புதிய விலையில் விற்றவர்கள் யார் யார் என்பது ஊர்களில் இன்றும் மறக்கப்படவில்லை. அதே நாட்களில் வீட்டுக்கு ஒன்று என்று கணக்கு வைத்து, முகம் பாராமல் கொடுத்த சிறிய கடைகளும் இருந்தன. அவர்களுக்கு யாரும் விருது கொடுக்கவில்லை.

நல்ல சேவை என்றால் குளிரூட்டிய அறையும் “வெல்கம்” சொல்கிற பெண்பிள்ளையும் என்று இப்போது நினைக்கிறோம். ஒரு பாமசியில் வயதான அம்மா ஒருவர் சீனி வருத்தத்துக்கான துண்டை நீட்டி, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் காசை எண்ணிக்கொண்டிருந்தார். மருந்து எடுத்துக் கொடுத்த இளைஞர் சொன்னார்: “அம்மா, இதே மருந்து அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தினதும் இருக்கு. விலை நல்லாக் குறைவு. குணம் ஒன்றுதான். அதைத் தரட்டா?” அந்த ஒரு கேள்வியால் கடைக்கு வருமானம் குறைந்தது. தன் இலாபத்துக்கு எதிராகப் பேசுகிற அந்த வாய்தான் சேவை. மற்றதெல்லாம் சோடனை.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். மின்கட்டணமும் வாடகையும் 18 சதவீத வற் வரியும் அவர் கழுத்தை நெரிப்பது உண்மை. ஆனால் கவுண்டரில் நின்று எரிந்துவிழுகிற பையனைப் பற்றி முறையிடுமுன், அவன் காலை ஆறு மணியிலிருந்து நிற்கிறானா என்று பார்க்க வேண்டும். கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து என்று அதில் எழுதியிருக்கிறது. முதலாளி ஊழியரை நடத்துகிற விதத்தில்தான் ஊழியர் வாடிக்கையாளரை நடத்துவார். ஆகவே அந்தச் சுளித்த முகத்தின் குற்றத்தில் பெரும் பங்கை முதலாளியின் பெயரில்தான் எழுத வேண்டும். நம் பக்கத்திலும் அழுக்கு இருக்கிறது. சுப்பர் மார்க்கெட்டில் பொறித்த விலையை வாய்மூடிக் கொடுத்துவிட்டு, தெருவோரத்தில் கீரை விற்கிற பெண்ணிடம் பத்து ரூபாவுக்கு மல்லுக்கட்டுகிறவர்கள் யாரென்று நமக்குத் தெரியும்.

ஆனாலும் தீர்ப்பில் சந்தேகமில்லை. மிச்சக் காசுக்கு டொபி கொடுப்பது திருட்டு. 450 கிராம் இருக்கவேண்டிய பாணை இலேசாக்கி விற்பது திருட்டு. எரியாத டோர்ச்சைத் திருப்பிக் கொண்டுவந்தவருக்கு “விற்ற பொருள் மாற்றப்படமாட்டாது” என்ற பலகையைக் காட்டுவது கோழைத்தனம். தரமில்லாத பொருளைப் பற்றி, வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட 2003ஆம் ஆண்டின் சட்டம் வழிவிடுகிறது. அந்தப் பலகையால் அதை மறைக்க முடியாது.

கலேவெல வர்த்தகர்களிடம் நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. விலைப்பட்டியலைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் கண்ணில் படும்படி வாசலில் மாட்டுங்கள். கேட்காமலே பில் கொடுங்கள். பொலித்தீன் பைக்குக் காசு வாங்கி அதைப் பில்லில் காட்டச் சொல்லி 2025 நவம்பரிலிருந்து ஒழுங்கு வந்துவிட்டது. பைக்குப் பில் போட முடியுமென்றால் பைக்குள் இருக்கிற சாமானுக்கும் போட முடியும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். சாரதி ஹோர்ன் அடித்தாலும் பரவாயில்லை, கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் கடையின் பெயரைக் குறித்துக்கொண்டு, பஸ்ஸில் இருந்தபடியே பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.