கணக்கு தலையெழுத்தா?

ஒரு பிள்ளைக்குப் பாட்டு வராவிட்டால் பழக்கம் போதாது என்கிறோம். நீந்தத் தெரியாவிட்டால் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்கிறோம். கணக்குப் பரீட்சையில் தவறிவிட்டால் மாத்திரம், "அவன் மண்டையில் கணக்கு ஏறாது, அவன் பிறவி அப்படி" என்று ஒரேயடியாய்ச் சொல்லிவிடுகிறோம். திண்ணைக் கிழவி இப்படிச் சொன்னால் பாதகமில்லை. பெயருக்குப் பின்னால் வால் வாலாய்ப் பட்டங்களைக் கட்டிக்கொண்டிருக்கும் காலேஜ் உபாத்தியாயர்களில் பலரும் இதையேதான் சொல்லுகிறார்கள். கிழவி தலையெழுத்து என்கிறாள். இவர்கள் "பேசிக் இல்லை" என்கிறார்கள். பேசிக் இல்லாமலிருக்கலாம், அது வாஸ்தவமாகவும் இருக்கலாம். ஆனால் இல்லாததை இனி உண்டாக்க முடியாது என்று அதற்கு அர்த்தம் பண்ணுவது எந்த சாஸ்திரத்திலிருந்து வந்தது என்றுதான் கேட்கிறோம்.

இதை இப்பொழுது பேசுவதற்குக் காரணமுண்டு. என்ஜினீயரிங் படிப்பில் முதல் செமஸ்டரிலேயே அணிக்கோவை, நுண்கணிதம் என்று கணக்குப் பாடம் வந்து நிற்கிறது. 2021-ம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட தொழிற்படிப்புகளில் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் முதல் முதலாகக் காலேஜ் வாசலை மிதிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். பத்து பன்னிரண்டு வருஷம் தமிழில் கணக்குப் போட்டவன் ஒரே நாளில் இங்கிலீஷில் கேட்டு இங்கிலீஷில் எழுதவேண்டியதாகிறது. வாசலைத் திறந்துவிட்டு முதற்படியிலேயே தடுக்கி விழவிடுவதற்குப் பெயர் படிப்புக் கொடுப்பதாகுமா?

நிற்க, பிள்ளைகள் உண்மையில் எங்கே இடறுகிறார்கள் என்று பார்ப்போம். நுண்கணிதம் என்றதும் ஏதோ மந்திரவாதம் போலப் பயப்படுகிறார்கள். அதன் சங்கதி என்ன? பஸ் ஒரு மணி நேரத்தில் 40 கிலோமீட்டர் போயிற்று என்றால் சராசரி வேகம் நாற்பது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் வண்டி மேட்டில் மெதுவாகவும் இறக்கத்தில் விரைவாகவும் அல்லவா போயிற்று? அந்தப் புளியமரத்தைத் தாண்டின க்ஷணத்தில் அதன் வேகம் எவ்வளவு என்று கேட்டால், அதற்கு விடை தேடுவதுதான் நுண்கணிதம். மரத்தைத் தாண்டின பின் பத்து நிமிஷத்தில் போன தூரம், ஒரு நிமிஷத்தில் போன தூரம், ஒரு விநாடியில் போன தூரம் என்று காலத்தைக் குறுக்கிக் குறுக்கி, தூரத்தைக் காலத்தால் வகுத்துக்கொண்டே போனால், அந்த ஈவு எந்த எண்ணை நெருங்கிக்கொண்டே வருகிறதோ அதுவே அந்த க்ஷணத்து வேகம். நாம் காலேஜில் படித்தவரல்ல. புத்தகத்தை வைத்துக்கொண்டு ராத்திரியில் தானாகப் படித்தவர்தான். நமக்கே விளங்குகிற இது பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஏன் விளங்காது?

விளங்காமற்போவது அங்கேயல்ல. அதற்கு வெகு கீழே, பழைய இடத்தில். இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கப்படுத்து என்று எழுத்தில் கொடுத்தால், பையன் முதல் எண்ணின் வர்க்கத்தையும் இரண்டாம் எண்ணின் வர்க்கத்தையும் கூட்டி எழுதிவிட்டு எழுந்துவிடுகிறான். மூன்றும் நாலும் ஏழு. ஏழடிக்கு ஏழடி மனை 49 சதுர அடி. அவன் கணக்குப்படி ஒரு மூலையில் மூன்றுக்கு மூன்று, எதிர் மூலையில் நாலுக்கு நாலு, ஆக 25 தான். பாக்கி 24 எங்கே? மூன்றுக்கு நாலாய் இரண்டு துண்டு விட்டுப்போயிருக்கிறது. பாகப்பிரிவினையில் நின்று நிலம் அளந்த எந்தக் குடியானவனும் அந்த இரண்டு துண்டையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகமாட்டான்! படம் போட்டுக் காட்டினால் பையனும் விடமாட்டான். ஆனால் யார் காட்டினார்கள்? சூத்திரத்தை மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள், பண்ணினான், மறந்தான். இந்த ஒரு பிசகு விடையின் மூன்றாவது வரியில் புகுந்துவிட்டால் அப்புறம் பத்து வரியும் பிசகுதான். உபாத்தியாயர் கடைசி வரியைப் பார்த்துச் சுழியைப் போட்டு, இவனுக்கு நுண்கணிதம் வராது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். அவனுக்கு வராதது எட்டாம் வகுப்புச் சங்கதி. அது சில வாரங்களில் சரிசெய்யக் கூடியது.

இது வெறும் வாய்ப்பேச்சு என்று சிலர் சொல்லக்கூடும். ஆகவே இதைச் சோதித்துப் பார்த்த ஓரிடத்தைக் காட்டுகிறோம். அமெரிக்காவில் பெர்க்லி என்ற ஊரில் கலிபோர்னியா சர்வகலாசாலை இருக்கிறது. 1970-களில் அங்கே முதல் வருஷ நுண்கணிதம் படித்த கறுப்பின மாணவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேர் தோல்விக்கோ, தோல்விக்கு அடுத்தபடியான மதிப்புக்கோ ஆளானார்கள். யூரி ட்ரைஸ்மன் என்பவர், அப்பொழுது ஆராய்ச்சி மாணவர், உபாத்தியாயர்களிடம் காரணம் கேட்டார். நாலு காரணம் வந்தது: ஊக்கமில்லை, பள்ளிக்கூடத்தில் சரியாய்ப் படிக்கவில்லை, வீட்டாருக்குப் படிப்பின் அருமை தெரியாது, வறுமை. (நம்மூரில் கேட்டாலும் இந்த நாலும்தான் வரும். கடல் தாண்டினதால் மனிதன் சாக்குச் சொல்லும் விதம் மாறிவிடாது போலும்!)

அவர் அதோடு நின்றிருந்தால் அவரும் ஒரு கட்டுரை எழுதிப் பட்டம் வாங்கியிருப்பார். ஆனால் கூடவே போய்ப் பார்த்தார். கறுப்பின மாணவர் 20 பேர், சீன வம்சத்து மாணவர் 20 பேர், இவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று 18 மாதம் கவனித்தார். நாலு காரணமும் நிற்கவில்லை. அநேகருடைய பெற்றோர் பிள்ளை காலேஜுக்குப் போகவேண்டுமென்றே பாடுபட்டவர்கள். நுழைவுப் பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கி வந்தவர்களிலும் பலர் விழுந்தார்கள். பின்னை என்னதான் வித்தியாசம்? 20 கறுப்பின மாணவரில் 18 பேர் தன்னந்தனியாகவே படித்தார்கள். வகுப்பில் ஒரு மணிக்கு வீட்டில் இரண்டு மணி என்று சொல்லியிருந்தபடி வாரத்துக்கு எட்டு மணி நேரம் அறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். சீன மாணவர்களோ வாரத்துக்குப் பதினாலு மணி நேரம் படித்தார்கள். அதில் சில மணி நேரம் சாயங்காலம் கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை ஒருவர் பார்த்தார்கள், ஒருவர் இங்கிலீஷைக்கூட ஒருவர் திருத்தினார்கள். ஒருவனுக்கு மட்டும் ஒரு கணக்கு வராவிட்டால் மற்றவர்கள் பிசகைக் காட்டினார்கள். ஒருவருக்கும் வராவிட்டால் அது கஷ்டமான கணக்கு என்று தெரிந்துகொண்டார்கள். தனியே இருந்தவனுக்கு இந்த இரண்டுக்கும் பேதம் தெரிய வழியேது? எந்தக் கணக்கு வராவிட்டாலும் தன் மண்டையையே நொந்துகொண்டான்.

அதன்மேல் ட்ரைஸ்மன் செய்தது நன்றாய்க் கவனிக்கத்தக்கது. "நீங்கள் பின்தங்கியவர்கள், பழைய பாடத்தை மறுபடியும் படியுங்கள்" என்று அவர் சொல்லவில்லை. பிள்ளைகளைச் சிறு கூட்டமாய் உட்கார்த்தி, வகுப்பில் கொடுப்பதைக் காட்டிலும் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். அந்தக் கடினமான கணக்கைப் போடும்போதே பழைய ஓட்டைகள் வெளிப்பட்டு அங்கேயே அடைக்கப்பட்டன. நுழைவுப் பரீட்சைக் கணக்கில் 800-க்கு 600-ஐச் சற்றுத் தாண்டின கறுப்பின மாணவர்கள், 750 அளவு வாங்கி வந்த வெள்ளை மாணவர்களுக்கும் ஆசிய மாணவர்களுக்கும் சமமாய்த் தேறினார்கள். இதை அவரே 1992-ல் எழுதியிருக்கிறார். அதே மண்டைதான், அதே தலையெழுத்துதான். உட்கார்ந்த விதம்தான் மாறியது.

இஷ்டப்பட்டு வந்து சேர்ந்தவர்கள் அல்லவா அவர்கள், ஊக்கமுள்ளவன் தேறுவது அதிசயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு நியூயார்க் நகர சர்வகலாசாலை 2013-ல் நடத்தின சோதனையைப் பார்க்கலாம். ஆரம்ப அல்ஜீப்ராவே மறுபடி படிக்கவேண்டுமென்று ஒதுக்கப்பட்ட 907 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல மூன்று பிரிவாய்ப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல அல்ஜீப்ரா. இரண்டாவதற்கு அதனோடு வாராந்தரப் பயிற்சிக் கூட்டம். மூன்றாவதற்கு நேரே காலேஜ் தரத்துப் புள்ளியியல், அதே பயிற்சிக் கூட்டத்தோடு. தேறினவர்கள் முறையே நூற்றுக்கு 39, 45, 56. கீழ்ப்பாடத்தில் விழுந்தவர்களைவிட மேற்பாடத்தில் விழுந்தவர்கள் குறைவு!

இதைக் கொண்டு எல்லோரும் தேறிவிடுவார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த மூன்றாம் பிரிவிலும் நூற்றுக்கு 44 பேர் தேறவில்லை. அன்றியும் புள்ளியியல் படிக்கிறவனுக்கு அல்ஜீப்ரா கொஞ்சம் போதுமாயிருக்கலாம். பாலம் கட்டப்போகிறவனுக்குப் போதாது. அதை விட்டுவிடச் சொல்லுகிறவர் யாராயிருந்தாலும் பிள்ளைக்கு விரோதிதான். மேலே படிக்கும்போதே கீழே உள்ளதையும் சேர்த்துச் சொல்லிக்கொடு என்பதுதான் நம் கட்சி.

இதற்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை. இங்கிலாந்தில் லஃபரோ சர்வகலாசாலையில் 1996 முதல் இதற்கென்றே ஓர் இடம் உண்டு. எந்த வகுப்பு மாணவனும் உள்ளே போய் வெட்கமில்லாமல் "பின்னத்தைக் கூட்டத் தெரியவில்லை" என்று கேட்கலாம். நம் காலேஜுகளில் ஓர் அறை, ஒரு கரும்பலகை, பொறுமையுள்ள ஓர் உபாத்தியாயர், மேல் வகுப்புப் பிள்ளைகள் நாலுபேர் போதும். தமிழில் கேட்டால் தமிழில் சொல்லட்டும். காலேஜ் செய்யும்வரை பிள்ளைகள் காத்திருக்கவும் வேண்டாம். ஹாஸ்டலில் ஐந்தாறு பேராய்க் கூடி, முதலில் தனியே போட்டுப் பார்த்து, பிறகு விடையை நடுவில் வைத்து, எப்படி வந்தது என்று ஒருவருக்கொருவர் வாயால் சொல்லட்டும். நோட்டைப் பார்த்துக் காப்பி அடிப்பதற்காகக் கூடுவது இதில் சேராது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலையுண்டு. பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது கட்டிடம் எத்தனை மாடி, பஸ் எத்தனை, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்கிறோம். அதோடு இந்த மூன்றையும் கேட்க வேண்டும்: சென்ற வருஷம் முதல் செமஸ்டர் கணக்கை எத்தனை பேர் எழுதினார்கள்? எத்தனை பேர் தேறினார்கள்? தேறாதவர்களுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வருகிறவரையில் மடியிலிருந்து பணத்தை எடுக்க அவசரப்பட வேண்டாம்.