கையைக் காப்பதும் கலையே

"விரல் நொந்தால்தான் வித்தை வரும்" என்று விடுதியில் கிதார் பயிலும் நண்பர்கள் பெருமை பேசுகின்றனர். இது பாதி உண்மையே என்பேன். எஃகுத் தந்தியை அழுத்தும் விரல்நுனி எரிவது இயல்பு. சில வாரங்களில் தோல் காய்த்துவிடும். ஆனால் மணிக்கட்டு வலிப்பதும் விரல் மரத்துப்போவதும் தேர்ச்சியின் அடையாளமல்ல, எச்சரிக்கை!

அமெரிக்கப் பியானோ மேதை லியோன் பிளைஷருக்கு 1960-களில் வலக்கை விரல்கள் சுருண்டன. ஏறக்குறைய 30 ஆண்டுகள் பெரும்பாலும் இடக்கையாலேயே வாசித்தார். தம் அளவுமீறிய பயிற்சியை அவரே பின்னர் குறைகூறினார்.

நண்பர்களே, மணிக்கட்டை மிக வளைக்காதீர்கள். அரை மணிக்கொருமுறை கருவியைக் கீழே வையுங்கள். வலித்தால் நிறுத்துங்கள், வலி நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். தேர்வு எழுதவும் அதே கைதான் வேண்டும்! சுவரை வைத்துத்தான் சித்திரம். ஓய்வும் பயிற்சியே என்பது என் துணிபு.