அசோகம் என்று சொல்லி நெட்டிலிங்கம் விற்கிறார்கள்

பள்ளிக்கூடச் சுவரோரம், கல்யாண மண்டபத்து வாசலில், பங்களா வீட்டு முன்னால் குடை மடக்கின மாதிரி நெட்டையாக நிற்கும் மரத்தை நம்மூரில் பாதிப் பேர் அசோக மரம் என்றுதான் சொல்கிறார்கள். அது அசோகம் இல்லை, நெட்டிலிங்கம். "பேர்ல என்ன சார் இருக்கு, மரம் வளர்ந்தா சரி" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அழகுக்கு வளர்ப்பவர் அப்படிச் சொல்லலாம். மருந்துக்கு வளர்க்கும் நாம் சொல்ல முடியாது.

சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் பெரும்பாடு போன்ற பெண்களின் உபாதைகளுக்குச் சேர்ப்பது அசோகப் பட்டை. கடைச் சரக்கில் அதோடு நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பது ரொம்ப நாளாக நடக்கிற மோசடி. இப்போது அதே குழப்பம் கன்றிலேயே ஆரம்பித்துவிட்டது. பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் வரப்போரம் மூலிகை மரமாக இருக்கட்டும் என்று ஒரு நர்சரியில் நாற்பது அசோகக் கன்று வாங்கி நட்டார். மரமானதும் பட்டை எடுத்து வீட்டுப் பெண்களுக்குக் கஷாயம் வைக்கலாம் என்பது அவர் எண்ணம். போய்ப் பார்த்தால் நாற்பதும் நெட்டிலிங்கம். பில்லில் மட்டும் அசோகா என்று அழகாக எழுதியிருந்தது.

பேங்கில் கையெழுத்தைச் சரிபார்க்காமல் செக் பாஸ் ஆகாது. மரத்துக்குக் கையெழுத்து இலைதான். நெட்டிலிங்கத்துக்குத் தனி இலை. நீளமாக, ஈட்டி போல, ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும். அசோகத்துக்குக் கூட்டிலை. ஒரே காம்பில் நாலைந்து ஜோடி சிற்றிலைகள் எதிரெதிராக இருக்கும், நுனியில் ஒற்றை இலை இருக்காது. சிற்றிலையின் ஓரம் நெளியாது. இது தனி இலையா, சிற்றிலையா என்று சந்தேகம் வந்தால் அடிக்காம்பைப் பாருங்க. தனி இலை என்றால் அது கிளையோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். சிற்றிலைக்கு அடியில் மொட்டு இருக்காது, மொத்தக் காம்பும் கிளையோடு சேருகிற இடத்தில்தான் இருக்கும். வேப்பிலையில் ஒருதடவை பார்த்துப் பழகினால் போதும், எந்த மரத்துக்கும் இது உதவும்.

கொழுந்தை மட்டும் நம்பாதீங்க. இரண்டு மரத்துக்கும் தளிர் செம்பு நிறத்தில் மினுங்கும், ஏமாறுவதும் அங்கேதான். அசோகத் தளிர் கொத்தாகத் துவண்டு குஞ்சம் மாதிரி தொங்கும். போனில் படம் எடுத்துப் பேர் கேட்பவர்களும் ஒரு சிற்றிலையைக் கிள்ளிப் படம் எடுக்காமல், கிளையோடு எடுத்தால்தான் பிரயோஜனம்.

வளர்ந்த மரம் என்றால் பட்டையையும் பார்க்கலாம். அசோகப் பட்டை சொரசொரப்பாக, பரு பருவாகப் புடைத்திருக்கும். புதிதாக வெட்டின இடம் காற்றுப் பட்டதும் சிவக்கும், வாயில் வைத்தால் நல்ல துவர்ப்பு. நெட்டிலிங்கம் சீத்தா குடும்பம், பட்டையைக் கீறி இழுத்தால் நார் நாராக உரிந்து வரும். பூத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. அசோகம் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாக, தடித்த கிளையிலும் பூக்கும். காய் தட்டையான நெற்று, புளி, கொன்றை வகையறா. நெட்டிலிங்கப் பூ பச்சையாக நட்சத்திரம் போல இருப்பதால் கண்ணிலேயே படாது. பழம் முட்டை வடிவில், பழுத்தால் கறுப்பு.

நெட்டிலிங்கத்தை நான் மட்டமாகச் சொல்லவில்லை. அதுவும் நம்ம மண்ணு மரம்தான். பழத்துக்குக் குயிலும் வவ்வாலும் வரும், கறுப்புச் சிறகில் பச்சைப் புள்ளி போட்ட பட்டாம்பூச்சி அதன் இலையில் முட்டை வைக்கும். காற்றுத் தடுப்புக்கு நடுங்க, வேண்டாம் என்று யார் சொன்னது? அசோகம் என்று சொல்லி விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அசலான அசோகம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டின் ஓடையோர மரம். நிழலும் ஈரமும் கேட்கும், மெதுவாகத்தான் வளரும். காய்ந்த மானாவாரி வரப்பில் நட்டுவிட்டுப் பட்டை வருமானம் கணக்குப் போட வேண்டாம். தென்னந்தோப்பு ஊடுபயிராக, வாய்க்காலோரமாக நன்றாக வரும். பிண்டி, செயலை என்றெல்லாம் நம் பழைய இலக்கியம் பேசுகிற மரம் இது. பட்டைக்காகக் காட்டில் உரித்து உரித்து இன்று உலகச் சிவப்புப் பட்டியலில் நிற்கிறது. அடிமரத்தைச் சுற்றி முழு வளையமாக உரித்தால் மரம் செத்துப்போகும். அதனால் தோட்டத்தில் வளர்ப்பவர்கள் கிளையைக் கழித்து அதிலிருந்து பட்டை எடுப்பதுதான் நல்லது.

நம் இயக்கத்தின் விதைத் திருவிழாக்களில் மரக்கன்றும் கை மாறுகிறது. அங்கே அசோகம் என்று சீட்டு ஒட்டி வைக்கும் கன்றை யாராவது ஒருவர் இலை பார்த்துச் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தோப்பில் நல்ல அசோகம் வைத்திருப்பவர்கள் நெற்று பழுத்து வெடிக்கும் சமயம் விதையைப் பொறுக்கி, காயவிடாமல் உடனே பையில் ஊன்றிவிடுங்கள். அடுத்த திருவிழாவுக்கு ஆளுக்குப் பத்துக் கன்று கொண்டுவந்தாலே போதும்.