கிரிவலம் முடிந்து கிழக்கே

கிரிவலம் முடிந்ததும் திருவண்ணாமலையிலிருந்து நேரே ஊர் திரும்பிவிடுகிறோம். இன்னும் இரண்டு நாள் ஒதுக்கிக் கிழக்கே கடற்கரைவரை போய்வர வேண்டும் என்பேன். வெயில் ஏறுமுன் செஞ்சி ராஜகிரியில் ஏறிவிடலாம். 2025இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை அது. பிறகு அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானிய வணிகத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்த இடம். இரவு புதுச்சேரியில் தங்கலாம். மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆலம்பரைக் கோட்டை, சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, மாமல்லபுரம். மாமல்லபுரத்துக்கு மட்டுமே அரைநாள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பகலில் அடக்கினால் பிள்ளைகள் மனதில் எதுவும் தங்காது. பௌர்ணமிக்குச் சிறப்புப் பேருந்து விடும் அரசு, இந்தத் தடத்திலும் வார இறுதியில் ஒரு பேருந்து விடட்டும். நம் துறைமுகங்களின் கதையை நம் பிள்ளைகள் நேரில் பார்த்தே அறிய வேண்டும்.